இரண்டாவது சரணமும் ஒரு கையகலக் கணினியும்

மருத்துவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அதில் ஒரு கழுத்தை வரைந்தார். கழுத்தின் நடுவே வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒரு சுரப்பி. அதன் இடது சிறகில் ஓர் உருண்டை. அந்த உருண்டைக்குப் பின்னால் மிக மெல்லிதாக ஒரு கோட்டை இழுத்தார்.

"இதுதான் குரலுக்குப் போற நரம்பு. கட்டிய ரொம்ப ஒட்டிப் போகுது. நாங்க கவனமாத்தான் செய்வோம். ஆனா சில பேருக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் குரல் மாறலாம். முக்கால்வாசிப் பேருக்குத் திரும்ப வந்திடும். சில பேருக்கு வராது. அத நான் முன்னாடியே சொல்லிடணும்."

என் மனைவி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாட முடியுமா டாக்டர்?"

"நீங்க பாடகியா?"

"இல்ல டாக்டர். கிண்டர்கார்டன் டீச்சர்."

அவள் சொன்னது பொய்யில்லை. ஆனால் ஒரு காலத்தில் கோலாலம்பூரைச் சுற்றி, கிள்ளானிலும் பந்திங்கிலும் நடந்த கல்யாண விருந்துகளில் மேடையேறிப் பாடியவள் அவள். பின்னால் கீபோர்டு வாசித்தவன் நான். குழு கலைந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. நான் கிள்ளான் பக்கத்து மேருவில் ஒரு லோரி கம்பெனியில் வண்டிகளை வரிசைப்படுத்தி அனுப்பும் கிளார்க். அவள் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லித் தருகிறாள். "இல்ல டாக்டர்" என்று அவள் அவ்வளவு சுலபமாகச் சொன்னாள். குரல் போவதற்கு முன்பே அவள் அதை விட்டுக்கொடுத்துவிட்டதைப் போல இருந்தது.

காரில் ஏறியதும் சொன்னாள். "அந்த பஸ் பாட்டு இருக்குல்ல? அத முடிச்சிடணும்."

"ஆபரேஷன் முடியட்டும். நிதானமா முடிப்போம்."

"முன்னாடியே முடிக்கணும்," என்றாள். ஆபரேஷனுக்கு மூன்று வாரம் இருந்தது.

பஸ் பாட்டு என்பது கல்யாணமான புதிதில் நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த பாட்டு. பந்திங் பஸ்ஸுக்காக மழையில் காத்து நிற்கும் ஒரு பெண்ணின் பாட்டு. வரிகள் அவளுடையவை, மெட்டு என்னுடையது. பல்லவியையும் முதல் சரணத்தையும் வீட்டிலேயே கணினியில் பதிவு செய்தோம். இரண்டாவது சரணத்தை அவள் அப்போது எழுதி முடிக்கவில்லை. பிறகு வேலை, வீடு மாற்றம் என்று பாட்டு அப்படியே நின்றுவிட்டது. சரணத்தை அவள் எப்போது எழுதி முடித்தாள் என்று எனக்குத் தெரியாது. காரில் கைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தாள். பிள்ளைகளின் வருகைப் பதிவேட்டிலிருந்து கிழித்த தாள்.

பாட்டு ஒரு பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்தது. அந்த டிஸ்க் இருந்த கணினி எங்கள் பழைய தரைவீட்டில் வெள்ளம் புகுந்தபோது போய்விட்டது. தண்ணீர் முழங்காலைத் தாண்டியபோது கணினிப் பெட்டியைத் தூக்கிக் கட்டிலின் மேல் வைத்தேன். கட்டிலே மிதந்து சாய்ந்தது. தண்ணீர் வடிந்த பிறகு டிஸ்கை மட்டும் கழற்றித் துடைத்து, துண்டில் சுற்றி, ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடினேன். மூன்றாவது மாடி ஃபிளாட்டுக்கு வந்த பிறகும் அந்த டின்னை நான் திறக்கவே இல்லை. சோதித்துப் பார்க்கப் பயம். பார்க்காத வரைக்கும் பாட்டு உள்ளே பத்திரமாக இருக்கிறது என்று நம்பலாமே.

இப்போது பார்த்தே ஆக வேண்டும். டிஸ்கை லேப்டாப்பில் இணைக்கும் கேபிள் ஒன்றைக் கோலாலம்பூரில் வாங்கி வந்தேன். சனிக்கிழமை மத்தியானம் செருகினேன். டிஸ்க் சுழல ஆரம்பித்தது. இரண்டு முறை 'டிக், டிக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் நல்லதல்ல என்று எங்கோ படித்திருக்கிறேன். என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் வேண்டுமென்றே அவள் பக்கம் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாவற்றையும் நகலெடுத்து முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. அதுவரை அந்த நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்கவில்லை.

கோப்புகள் வந்துவிட்டன, பாட்டு வரவில்லை. அந்தக் காலத்தில் நாங்கள் பயன்படுத்திய இசை மென்பொருளைச் செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. பாட்டை அந்த மென்பொருள் மட்டும்தான் திறக்கும். அவள் குரல் முந்நூற்றுக்கும் மேற்பட்ட சின்னச் சின்னத் துண்டுகளாக, வெறும் எண்களைப் பெயராக வைத்துக்கொண்டு ஒரு ஃபோல்டரில் கிடந்தது. எது எதற்குப் பின்னால் வரும் என்பது அந்த மென்பொருளுக்குத்தான் தெரியும். ஒரு துண்டைத் திறந்தேன். "மழை" என்று ஒரே ஒரு சொல். பதினைந்து வருடத்துக்கு முந்தைய குரல். உடனே மூடிவிட்டேன்.

எங்களுக்கு மேல் மாடியில் திருச்சியிலிருந்து வேலைக்கு வந்த ஒரு பெண் இருக்கிறாள். கணினி வேலை, தினமும் ரயிலில் கோலாலம்பூர் போய் வருவாள். என் மனைவியை அக்கா என்பாள், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு சாப்பிடுவாள். அவளிடம் சொன்னோம். தன் லேப்டாப்பும் என் லேப்டாப்பைப் போல ஆபீஸுடையது, அதில் வேறு மென்பொருள் எதையும் ஏற்ற முடியாது என்றாள். புதுக் கணினி வாங்கினாலும் அதில் இவ்வளவு பழைய மென்பொருள் ஓடுமா என்பது சந்தேகம்தானாம். கொஞ்ச நேரம் தன் போனில் எதையோ தேடிப் படித்துவிட்டுக் கேட்டாள்.

"அண்ணா, சின்ன போர்டு கம்ப்யூட்டர் ஏதாவது உங்ககிட்ட இருக்கா? சீட்டுக்கட்டு சைஸ்ல இருக்குமே, அது. இதே சாஃப்ட்வேர அதுல ஓட்டியிருக்கேன்னு ஒருத்தர் எழுதியிருக்காரு."

இருந்தது. எங்கள் கம்பெனியில் லோரிகள் சரக்கு ஏற்றும் இடத்தில் ஒரு திரை உண்டு. எந்த லோரி அடுத்தது என்று எண் காட்டும். அதன் முதுகில் அப்படி ஒரு போர்டுதான் ஒட்டியிருந்தது. திரையை மாற்றியபோது குப்பைக்குப் போக இருந்ததை நான்தான் கேட்டு வாங்கி மேசை டிராயரில் போட்டு வைத்தேன். என்ன செய்யலாம் என்று தெரியாமலே வாங்கியது.

"அந்த சாஃப்ட்வேர் பேசற பாஷை வேற, இந்த போர்டு பேசற பாஷை வேற," என்று அவள் விளக்கினாள். "நடுவுல ஒரு மொழிபெயர்ப்பாளர உட்கார வைக்கணும். அவர் சொல்றத எல்லாம் மாத்தி மாத்திச் சொல்லிட்டே இருப்பாரு. அதனால போர்டு கஷ்டப்படும். ஆனா இதுல ஃபேன் கிடையாது அண்ணா, சத்தமே வராது. ரெக்கார்டிங்குக்கு நல்லதுதானே?"

டிஸ்கிலிருந்து வந்த கோப்புகளுக்குள் அந்த மென்பொருளும் இருந்தது. மூன்று சாயங்காலங்கள் அவள் எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வேலை செய்தாள். மூன்றாவது நாள், போர்டோடு இணைத்திருந்த எங்கள் டிவி திரையில் மென்பொருளின் முகப்பு வந்தது. அந்தச் சாம்பல் நிறப் பொத்தான்களைப் பார்த்ததும் பழைய வீட்டு வாசனை வந்த மாதிரி இருந்தது. பாட்டைத் திறந்தோம். துண்டுகள் எல்லாம் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன. ஓடவிட்டேன். வாணலியில் கடுகு பொரிவது போல ஒரு சத்தம், அதற்கு அடியில் எங்கோ என் கீபோர்டு. பத்து விநாடியில் எல்லாம் உறைந்து நின்றது.

அணைத்துவிட்டு மறுபடி ஓடவிட்டோம். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. ஒவ்வொரு முறையும் என் மனைவி கழுத்தில் கையை வைத்துக்கொண்டாள். வலிக்கிறதா என்று கேட்க நினைத்தேன். ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் கேட்கவில்லை.

"திரையில மூலைல மின்னல் மாதிரி ஒண்ணு வந்து வந்து போகுது பாருங்க," என்றாள் மேல்மாடிப் பெண். "கரண்ட் பத்தலன்னு அர்த்தம். எதுல போட்டிருக்கீங்க?"

என் பழைய போன் சார்ஜரில் போட்டிருந்தேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். மறுநாள் அந்த போர்டுக்கே உரிய அடாப்டர் வந்தது. மின்னல் போய்விட்டது. அவள் இன்னும் ஏதேதோ மாற்றினாள், கடுகுச் சத்தமும் அடங்கியது. முதல் சரணம் முழுவதும் ஒரு தடங்கல் இல்லாமல் ஓடியது.

இருபத்தேழு வயதுக் குரல். மேலே போகும் இடத்தில் கொஞ்சமும் யோசிக்காமல் ஏறும் குரல். என் மனைவி அதைத் தலை குனிந்து கேட்டாள். முடிந்ததும், "இந்தப் பொண்ணுக்கு எவ்ளோ தைரியம்," என்று மட்டும் சொன்னாள்.

ஆபரேஷனுக்கு எட்டு நாள் இருந்தது. மைக்கையும் அதைக் கணினியோடு இணைக்கும் சின்னப் பெட்டியையும் வாடகைக்கு எடுக்கக் கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போனேன். மேடைக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் அந்தக் கடைக்காரருக்கு எங்களை அந்தக் காலத்திலிருந்தே தெரியும்.

"வைஃப் இன்னும் பாடறாங்களா பாஸ்?"

"பாடறாங்க அண்ணே."

"அவங்க மேல போறது இருக்கே, அந்த மாதிரி இப்ப யாரும் போறதில்ல லா. கேட்டேன்னு சொல்லுங்க."

சரி என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். மைக் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் கார் வரை நடந்தேன். அவர் கேட்டதை நான் அவளிடம் சொல்லவில்லை.

ஞாயிறு காலை பதிவுக்கு உட்கார்ந்தோம். ஜன்னலை அடைத்துப் போர்வை தொங்கவிட்டோம். மின்விசிறியை நிறுத்தினோம். பத்து நிமிடத்தில் அறை கொதித்தது. போர்டு எவ்வளவு சூடாகிறது என்று காட்டும் ஓர் எண்ணை மேல்மாடிப் பெண் திரையின் மூலையில் போட்டுத் தந்திருந்தாள். "எண்பதத் தாண்டினா அதுவே வேகத்தக் குறைச்சுக்கும். குறைச்சா சத்தம் உடையும். தாண்ட விடாதீங்க அண்ணா," என்று எச்சரித்துவிட்டுத் தோழிகளோடு ஸ்ரீ கெம்பாங்கான் போய்விட்டாள்.

எழுபத்தைந்து, எழுபத்தெட்டு என்று எண் ஏறிக்கொண்டே போனது. ஒரு வரியைப் பதிவு செய்வோம், நிறுத்துவோம், விசிறியைப் போட்டு ஆறவிடுவோம். அவளுக்கும் அது வசதியாக இருந்தது. கட்டி வந்த பிறகு ஒரே மூச்சில் இரண்டு வரி பாடினால் களைத்துவிடுவாள். வெந்நீரைக் குடித்துவிட்டு, "போடுங்க," என்பாள். நான் எண்ணைப் பார்ப்பேன். அவள் கழுத்தைப் பார்ப்பேன். இரண்டில் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் பல வரிகளை நான் காதில் வாங்கவே இல்லை.

கடைசி வரி இருந்தது. 'குடை மறந்த நாளெல்லாம் மழைக்குத் தெரிந்துவிடும்.' 'தெரிந்துவிடும்' என்ற இடத்தில்தான் மெட்டு உச்சிக்குப் போகிறது. அந்த இடத்தை இளவயதில் நான் போட்டதற்கு இப்போது என்னையே திட்டிக்கொண்டேன்.

இரண்டு முறை முயன்றாள், எட்டவில்லை. மூன்றாவது முறை கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். மழைக்கு... குரல் ஏறியது. கழுத்தில் நரம்பு புடைத்தது. தெரிந்து... அந்தக் கணம் எண் எண்பத்துமூன்று. திரை உறைந்தது.

அவள் பாடி முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தாள். "வந்துச்சா?"

நான் மவுஸை நகர்த்திப் பார்த்தேன். திரையில் அம்புக்குறி அசையவில்லை. பதிவு ஓடுவதைக் காட்டும் கோடு பாதி வழியில் நின்றிருந்தது.

மேல்மாடிப் பெண்ணுக்கு போன் போட்டேன். "பிளக்க மட்டும் புடுங்கிடாதீங்க அண்ணா. கொஞ்ச நேரம் விடுங்க. தானா வரலாம். இப்ப புடுங்கினா போர்டோட மெமரி கார்டுல இருக்கறது எல்லாமே போகலாம்."

விசிறியைப் போட்டோம். போர்வையை அவிழ்த்தோம். காத்திருந்தோம். கால் மணி நேரம், அரை மணி நேரம். கீழே ஐஸ்கிரீம் மோட்டார் சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. என் மனைவி என் கையைப் பிடித்திருந்தாள்.

"எனக்குப் பயமா இருக்குங்க," என்றாள். இத்தனை நாளில் முதல் முறையாக. "பாட்டுக்கு இல்ல."

"தெரியும்."

"எந்திரிச்சு வாயத் தொறந்தா சத்தமே வரலன்னா? ஸ்கூல் பிள்ளைங்கள எப்படிக் கூப்பிடுவேன்? உங்கள எப்படிக் கூப்பிடுவேன்?"

ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாய் வரை வந்தது. அவளுக்கு அது பொய் என்று தெரிந்துவிடும். "எனக்கும் பயந்தான்," என்றேன். அவள் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளே சொன்னாள். "புடுங்குங்க. எவ்ளோ நேரம் இப்படியே உட்கார்ந்திருக்கறது?"

பிளக்கைப் பிடுங்கினேன். பத்து வரை எண்ணிவிட்டு மறுபடி செருகினேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. அவற்றில் ஒன்றுகூட எனக்குப் புரியவில்லை. ஒரு வழியாக மென்பொருள் திறந்தது. ஆனால் அன்றைய பதிவு முழுவதும் பாட்டில் இல்லை. சேமிக்க வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வந்திருக்கவில்லை. பொத்தானைப் பார்க்காமல் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பிறகுதான் அந்த ஃபோல்டர் ஞாபகம் வந்தது. அதற்குள் போனேன். இன்றைய தேதியில் துண்டுகள் வரிசையாகக் கிடந்தன. பாடப் பாட அது எழுதி வைத்திருக்கிறது. கடைசித் துண்டைத் திறந்தேன். 'மழைக்குத் தெரிந்து' வரை இருந்தது. 'விடும்' இல்லை.

ஒவ்வொரு துண்டாக அதனதன் இடத்தில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை சேமித்தேன். அவளுக்கு அன்று அதற்கு மேல் குரல் இல்லை. இந்த வியர்வையில் சளி பிடித்துவிட்டால் ஆபரேஷனைத் தள்ளி வைத்துவிடுவார்கள் என்ற பயம் வேறு. ஒரு சொல்தானே, விட்டுவிடலாம் என்றேன். அவள் கேட்கவில்லை. திங்கட்கிழமை பள்ளியிலிருந்து வந்ததும், காலணியைக்கூடக் கழற்றாமல் மைக் முன்னால் வந்து நின்றாள். சட்டையில் பிள்ளைகள் யாரோ பூசிய நீலச் சாயம். முன்வரியை ஓடவிட்டேன். 'விடும்' என்று ஒரே ஒரு முறை பாடினாள். உச்சியில் போய் நின்றது.

இரண்டையும் ஒட்டினேன். ஒட்டு எனக்குக் கேட்கும், மற்றவர்களுக்குக் கேட்காது என்று நினைக்கிறேன்.

ஆபரேஷன் அன்று அவளைத் தள்ளிக்கொண்டு போன பிறகு நான்கு மணி நேரம் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். மேல்மாடிப் பெண் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் எழுந்தேன். கட்டி முழுவதும் எடுத்தாகிவிட்டது, நரம்பை வெட்டவில்லை, ஆனால் இழுபட்டிருக்கிறது என்றார் மருத்துவர். உள்ளே போனபோது அவள் பாதி மயக்கத்தில் இருந்தாள். நர்ஸ் குனிந்து, "ஆன்டி, ஏதாவது பேசுங்க," என்றாள். என் மனைவி வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது. என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் இன்றும் எழுத முடியவில்லை.

ஒரு மாதம் கிசுகிசுப்பாகத்தான் பேசினாள். குரல் பயிற்சிக்குப் போனாள். சமையலறையில் அவள் கூப்பிட்டு எனக்குக் கேட்காமல் போய்விடுமோ என்று வீட்டில் நான் டிவியே போடவில்லை. அவள் சின்ன மணி ஒன்று வாங்கி அடித்தாள். இரண்டாவது மாதம் கரகரப்பாக ஒரு குரல் வந்தது. பள்ளிக்குத் திரும்பினாள். ஐந்தாவது மாதம் மருத்துவர் மூக்கு வழியாக ஒரு கேமராவை விட்டுப் பார்த்தார். இடது பக்கக் குரல்நாண் கொஞ்சம்தான் அசைகிறது, பேசுவதற்கு இது போதும், இதற்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்றார். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

அதுவரை பாட்டைப் போடச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. நானாகப் போடவும் எனக்குத் தைரியமில்லை. அந்த வார ஞாயிற்றுக்கிழமை மேல்மாடிப் பெண் சாப்பிட வந்திருந்தபோது, கீரையை ஆய்ந்துகொண்டே என் மனைவி சொன்னாள். "அத போடுங்க. கேட்போம்."

போட்டேன். மூன்று பேரும் கேட்டோம். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது சரணம் முடிந்தது.

"நடுவுல எதுக்குங்க இவ்ளோ புல்லாங்குழல்?" என்றாள் என் மனைவி, அந்தக் கரகரத்த குரலில். "அந்தக் காலத்துலயே சொன்னேன், நீங்க கேக்கல."

மேல்மாடிப் பெண் சிரித்துவிட்டாள். என்னால் சிரிக்க முடியவில்லை. மூச்சு மட்டும் வந்தது.

"இத எனக்கு மூணு கட்டை கீழ எறக்கித் தர முடியுமா?"

இறக்கினேன். கீபோர்டு ஒழுங்காக இறங்கியது. அவளுடைய பழைய குரலை இறக்கினால் யாரோ ஓர் ஆள் பாடுவது போலக் கேட்டது. அதை நிறுத்திவிட்டு வாத்தியத்தை மட்டும் ஓடவிட்டேன். அவள் கீரைக்கட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். பல்லவியைப் பாடினாள். இரண்டு இடத்தில் குரல் காற்றாகிப் போனது. நிறுத்தித் தண்ணீர் குடித்தாள். மறுபடி ஆரம்பித்தாள். நான் அவள் தொண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என் மூஞ்சப் பாருங்க," என்றாள். "தொண்டையப் பாக்காதீங்க."

முதல் சரணம் வரை பாடினாள். அதற்கு மேல் போகவில்லை. "இன்னிக்கு இது போதும் லா. அடுப்புல சோறு இருக்கு," என்று எழுந்து போனாள்.